அவனைப் பிடித்தால் மழை சரியாகிவிடுமா?

அன்புள்ள சார்,

அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ்க் கதை வாசித்துக் காட்டுகிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள். சாகசக் கதை என்றால் உயிரை விடுவார்கள். பருவநிலை மாற்றத்தை வைத்து நானே ஒரு தொடர் எழுதி வாசிக்கிறேன். ஓர் ஆலை முதலாளி ரகசிய இயந்திரத்தால் மேகங்களைக் கெடுக்கிறான், நான்கு பிள்ளைகள் அவனைத் துரத்துகிறார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு சிறுமி, "அவனைப் பிடிச்சிட்டா மழை சரியாயிடுமா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வில்லன் இல்லாமல் சாகசக் கதை நிற்குமா? உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிட மாட்டார்களா?

எம்., பெங்களூரு

அன்புள்ள எம்.,

சரியாகாது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அந்த முதலாளியையும் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். காற்றைச் சூடாக்குகிற கரியமில வாயு யாரோ ஒளித்துவைத்த இயந்திரத்திலிருந்து வருவதில்லை. அனல்மின் நிலையம், சிமெண்ட் ஆலை, லாரி, விமானம், நம் வீட்டு ஜெனரேட்டர் என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது அது. அதற்காக எல்லாருக்கும் சம பங்கு என்றும் எழுதிவிடாதீர்கள். ஜெனரேட்டர் போட்டு ஏசியில் தூங்குகிற வீடும், மின்விசிறி நின்றதும் வாசலில் வந்து உட்காருகிற வீடும் ஒன்றல்ல. பிள்ளைகளுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வில்லன் போய்விட்டால் கதை நிற்குமா என்றால், நன்றாகவே நிற்கும். எங்கே போக வேண்டும், எது மறிக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, இவை தெரிந்தால் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டுவார்கள். அதற்கான வழி உங்கள் தெருமுனையிலேயே தொடங்குகிறது. அல்சூர் ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர் ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூருக்கும், அப்புறம் தென்பெண்ணைக்கும் போகிறது. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர், முடிவில் கடலூர்க் கடல். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர். அதனால் தண்ணீர் வேறு வேறு பக்கம் இறங்கும்: ஊரின் இன்னொரு பகுதியான பசவனகுடிப் பக்கம் பெய்யும் அதே மழை விருஷபாவதி ஆற்றில் இறங்கி, அர்க்காவதி, காவிரி என்று பூம்புகாருக்குப் போகிறது. உங்கள் பிள்ளைகளில் சிலருக்குத் தாத்தா ஊரே இந்த வழியில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, ஆட்களை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். 2024 கோடையில் இதே ஊரில் போர்வெல்கள் வறண்டு, டேங்கருக்குக் காத்துக் கிடந்தோம். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்கிறபோது கொட்டித் தீர்க்கிறது. ஆனால் வெள்ளத்துக்கு அது மட்டும் காரணமில்லை. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் மெஜஸ்டிக் பஸ் நிலையம், சம்பங்கி ஏரி இருந்த இடத்தில்தான் கண்டீரவா ஸ்டேடியம். தண்ணீர் போகிற வழியை அடைத்தது தனிக் கதை. எல்லாப் பழியையும் பருவநிலை மீது போட்டால் கட்டடம் கட்டியவர்கள் தப்பிவிடுவார்கள். பத்து வயதில் இரண்டு காரணங்களைச் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியும், தயங்காமல் எழுதுங்கள்.

நானாக இருந்தால் இப்படிக் கொண்டுபோவேன். நால்வருக்கும் ஒரு பழைய சர்வே வரைபடம் கிடைக்கிறது. அதில் காலுவேயின் கோடு, அவர்களில் ஒருத்தி குடியிருக்கும் அபார்ட்மென்ட்டின் பேட்மின்டன் கோர்ட்டுக்கு அடியில் போகிறது. ராத்திரி மழை பிடிக்கிறது. கரண்ட் இல்லை. பேஸ்மென்ட் அறையில் காவலாளியின் குடும்பம் தூங்குகிறது, பைக்குகளின் சக்கரம் வரை தண்ணீர் ஏறிவிட்டது. முதலில் அவர்களை எழுப்பி மேலே கொண்டுவர வேண்டும். மறுநாள் அந்தப் பெண் வரைபடத்தை அப்பாவிடம் காட்டுவாளா, மறைப்பாளா? கோர்ட்டை உடைக்கச் சொன்னால் சங்கக் கூட்டத்தில் அப்பா தலைகுனிய வேண்டிவரும். முதலாளியைத் துரத்துவதைவிட இது கஷ்டமான காரியம்.

ஒன்று மட்டும் கவனம். பிள்ளைகளைக் காலுவேக்குள் இறக்காதீர்கள். வேகமாக ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவிலேயே ஆளைச் சாய்த்துவிடும். படித்ததைச் செய்துபார்க்கிற வயது இது.

பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயப்படட்டும், ஆனால் பயம் வருகிற அதே பக்கத்தில் அவர்களுக்கு ஒரு வேலை இருக்கட்டும்: டார்ச் பிடிக்க, கதவைத் தட்ட, கைக்குழந்தையைத் தூக்க. கடைசி அத்தியாயத்தில் மழை சரியாகியிருக்க வேண்டாம். கோர்ட்டில் பாதியை உடைத்திருக்கிறார்கள், காவலாளி குடும்பத்துக்கு முதல் மாடியில் அறை கிடைத்திருக்கிறது. அவ்வளவு போதும்.

அப்புறம், முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் போடுங்கள். அல்சூரிலிருந்து கெலவரப்பள்ளி வரையாவது இருக்கட்டும். பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்.