சீனா–ஜப்பான் கேள்வி பதில்: எல்லைக்கோட்டை அளந்துவிட்டுக் கேளுங்கள்

பினாங்கு, கோலாலம்பூர் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. 1894 தொடங்கி நடந்த போர்கள், கிழக்குச் சீனக் கடல், இன்றைய கப்பல் விமானம் எதைப் பற்றியும் கேட்கலாம். ஒரே வேண்டுகோள்: "ஊடுருவல்" என்று எழுதும்முன் எந்தக் கோட்டைத் தாண்டினார்கள் என்று பாருங்கள்.

குமரேசன், பட்டர்வொர்த்: அண்ணே, சீன விமானம் எல்லைக்குள்ள வந்துச்சு, ஜப்பான் போர் விமானம் போய் விரட்டுச்சுன்னு அடிக்கடி செய்தி வருது. விரட்டுறதுன்னா உண்மையில என்ன பண்றாங்க? சுட்டா என்ன?

பெரும்பாலும் எல்லைக்குள் வருவதே இல்லை, தம்பி. கரையிலிருந்து 12 கடல் மைல், ஏறத்தாழ 22 கி.மீ. அதுதான் வான் எல்லை. அதற்கு வெளியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்து கிடப்பது வான் பாதுகாப்பு அடையாள வலயம். அது ஒவ்வொரு நாடும் தானாக அறிவித்துக்கொள்வது; வருகிறவன் யாரென்று விசாரிக்கலாம், நுழைந்தான் என்பதற்காகச் சுட முடியாது. 2013 நவம்பர் 23 அன்று சீனா அறிவித்த வலயம் ஜப்பானுடைய வலயத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. ஒரே விமானம் ஒரே நேரத்தில் இரண்டு வலயத்திலும் பறக்கும். இரண்டு நாட்டுப் பத்திரிகையும் "ஊடுருவல்" என்று போடும்.

இனி நடைமுறை. பறப்புத் திட்டம் கொடுக்காத புள்ளி ஒன்று ரேடாரில் தெரிகிறது. சிவில் விமானப் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள், பொருந்தவில்லை. ஓக்கினாவாவின் நாஹா தளத்தில் 5 நிமிடத் தயார்நிலையில் நிற்கும் எஃப்-15 ஜோடி கிளம்புகிறது. ஒன்று பக்கவாட்டில் சென்று வால் எண்ணையும் இறக்கைக்கடியில் தொங்குவதையும் படம் எடுக்கும். இன்னொன்று பின்னால் தள்ளி நின்று காவல் பார்க்கும். எல்லையை நோக்கி நெருங்கினால் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் எச்சரிக்கை. கேட்காவிட்டால் இறக்கையை ஆட்டிச் சைகை. அதற்கும் மேலே போனால் எரிசுடர் வீசலாம். 2016 நிதியாண்டில் ஜப்பான் இப்படி 1,168 முறை விமானம் கிளப்பியது; அதில் 851 சீன விமானங்களுக்காக.

எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதுதான் சுவாரசியம். 2012 டிசம்பர் 13 அன்று சீனக் கடல்சார் துறையின் ஒய்-12 என்ற சிறிய விசிறி விமானம், ஜப்பான் கையில் இருந்தாலும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளின் மேலேயே பறந்தது. வான்படை ரேடார் பார்க்கவில்லை. கடலில் நின்ற கடலோரக் காவல் கப்பல்தான் கண்ணால் பார்த்துச் சொன்னது. எஃப்-15 போய்ச் சேர்ந்தபோது ஆள் இல்லை. காரணம் பூமியின் வளைவு. அருகிலுள்ள மியாகோ தீவு ரேடாருக்கும் சென்காகுவுக்கும் இடையே சுமார் 200 கி.மீ. ரேடார் 100 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வையுங்கள். உயரங்களின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் பார்வை எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். விமானம் 60 மீட்டர் உயரத்தில் பறந்தால் 73 கி.மீ.க்கு அப்பால் தெரியாது. 200 கி.மீ. தள்ளித் தெரிய வேண்டுமானால் அது 1,480 மீட்டருக்கு மேலே ஏற வேண்டும். போதாக்குறைக்கு நாஹாவிலிருந்து தீவு 400 கி.மீ.க்கு மேல், மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போனாலும் அரை மணி நேரம் ஆகும். இதனால்தான் பிறகு ரேடாரை முதுகில் சுமக்கும் இ-2சி விமானங்களை நாஹாவுக்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

சீன ராணுவ விமானம் ஒன்று 12 மைலுக்குள் வந்ததாக ஜப்பான் முதன்முதலில் உறுதிசெய்தது 2024 ஆகஸ்ட் 26இல்தான். நாகசாகி பக்கம் தான்ஜோ தீவுகள் அருகே ஓர் ஒய்-9, சுமார் 2 நிமிடம். "தினமும் எல்லை மீறுகிறான்" என்பவருக்கு இதைச் சொல்லுங்கள்.

பிரவின், சுங்கை ஆரா: சண்டை வந்தா யார் ஜெயிப்பாங்க?

எந்த இடத்தில், எத்தனை நாளுக்கு, அமெரிக்கா இறங்குமா? இந்த மூன்றும் இல்லாமல் இது கேள்வியே இல்லை.

செல்வி, ஜெலுத்தோங்: ரேடாரால் 'லாக்' செய்ததற்கு ஏன் இவ்வளவு கோபம்? ரேடார் எப்போதும் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது?

நல்ல கேள்வி. தேடும் ரேடார் சுற்றும். சில நொடிக்கு ஒருமுறை நம்மைத் தொட்டுவிட்டுப் போகும். சுடுவதற்கான ரேடார் சுற்றாது. நம் மேலேயே நிலைத்து, வேகம், திசை, தூரம் மூன்றையும் ஓயாமல் கணக்கிட்டுப் பீரங்கிக்கோ ஏவுகணைக்கோ கொடுக்கும். அலைவரிசையும் துடிப்பும் வேறு என்பதால் எதிராளியின் கருவி வித்தியாசத்தை உடனே காட்டிவிடும். அதற்குப் பிறகு மிச்சமிருப்பது பொத்தான் மட்டுமே. 2013 ஜனவரி 30 அன்று சீனப் போர்க்கப்பல் ஒன்று ஜப்பானின் யூதாச்சி போர்க்கப்பல் மீது அப்படிச் சுடும் ரேடாரை நிலைக்கவிட்டதாக ஜப்பான் குற்றம்சாட்டியது, சீனா மறுத்தது. எனக்கு இதுதான் பெரிய பயம்: எச்சரிக்கைக் கருவியின் அலறல் கேட்கும் தளபதிக்கு யோசிக்கக் கிடைப்பது நொடிகள்.

மாரிமுத்து, செந்தூல்: ஐயா, ஜப்பான்காரன் காலத்து நோட்டு, வாழைமரம் போட்ட பத்து வெள்ளி, ஒரு கட்டு இருக்கு. ஜப்பான் தூதரகத்துல மாத்திக் குடுப்பாங்களா?

மாட்டார்கள். 1945லேயே காகிதமாகிவிட்டது. பழைய நாணயக் கடையில் காட்டுங்கள். ஏராளமாக அச்சடித்தது, பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். இதே கேள்வியை இன்னும் நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இதே பதில்.

கோமதி, பிரிக்பீல்ட்ஸ்: நான்ஜிங் படுகொலைக்குச் சீனா நினைவு நாள் வைத்து, ஜப்பான் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று இன்னும் சொல்கிறது. சயாம் மரண ரயிலில் செத்த நம் ஆட்களுக்கு என்ன கிடைத்தது?

ஜப்பானிடமிருந்து தனிமனிதர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 415 கி.மீ. பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது; மலாயாவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். 1967 செப்டம்பர் 21 ஒப்பந்தத்தில் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி கொடுத்தது. அதுவும் ரொக்கமாக அல்ல, கப்பலாக வந்து சேர்ந்தது. ஒப்பந்தத்துக்கு நெருக்கியது, போர்க்காலப் படுகொலைகளுக்கு "இரத்தக் கடன்" தீர்க்க வேண்டும் என்று சீன சமூகம் எழுப்பிய குரல். தோட்டத்துக்காரர்களுக்காகப் பேச அங்கே ஆளில்லை.

சீனாவின் கணக்கு வேறு. 1972 செப்டம்பர் 29 கூட்டறிக்கையில் போர் இழப்பீட்டுக் கோரிக்கையைச் சீனாவே கைவிட்டது. 1979 முதல் ஜப்பானின் கடனுதவி பெருமளவில் போனது, ஆனால் அது இழப்பீடு என்ற பெயரில் போகவில்லை. காசுக் கணக்கு அதிகாரபூர்வமாக மூடிவிட்டதால் மிச்சமிருப்பது சொல்லும் சடங்கும்தான். அதனால்தான் போரில் இறந்த ஜப்பானியர்களுக்கான யாசுகுனி கோயிலில் ஒரு பிரதமர் கும்பிட்டால் பெய்ஜிங் கொதிக்கிறது. 1978இல் அங்கே முதல்தரப் போர்க்குற்றவாளிகள் 14 பேரைச் சேர்த்த பிறகு ஜப்பானியப் பேரரசர்கள்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

பிரவின், சுங்கை ஆரா: சரி, கப்பல் மட்டும். ஃபூஜியானா இசூமோவா?

ஒப்பிடவே கூடாத இரண்டு. சீனாவின் விமானந்தாங்கிக் கப்பல் ஃபூஜியான் விமானத்தை மின்காந்தக் கவணால் எறிகிறது. எரிபொருளும் குண்டும் நிறைந்த கனத்த விமானமும் கிளம்பும். ஜப்பானின் 248 மீட்டர் இசூமோவில் கவணும் இல்லை, முன்னால் வளைந்த மேடும் இல்லை. குறுகிய ஓட்டத்தில் எழும்பி நேராக இறங்கும் எஃப்-35பி மட்டுமே சரிப்படும். அதன் புகைவாய் கீழ்நோக்கிச் சீறுவதால் தளத்துக்கு வெப்பம் தாங்கும் பூச்சு வேண்டியிருந்தது. தங்கைக் கப்பல் காகாவின் கூம்பு முனையையே சதுரமாக மாற்றிக் கட்டினார்கள்.

தினேஷ், சுங்கை பட்டாணி: 1894இல் சீனாவிடம் பெரிய கப்பல் இருந்தும் ஏன் தோற்றது?

பெரிய கப்பல் இருந்தது, வேகமான பீரங்கி இல்லை. ஜெர்மனியில் கட்டிய திங்யுவான், ஜென்யுவான் இரண்டிலும் 305 மி.மீ. பீரங்கி நான்கு நான்கு. ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிமிடங்கள் ஓடும். யோஷினோ போன்ற ஜப்பானியக் கப்பல்களின் சிறிய பீரங்கிகள் அதற்குள் பல சுற்று சுட்டுவிடும். செப்டம்பர் 17 யாலு போரில் அந்த இரண்டு கப்பலின் கவசத்தை யாரும் துளைக்கவில்லை; ஆனால் மேல்தளம் எரிந்தது, சுற்றியிருந்த ஐந்து கப்பல்களைச் சீனா இழந்தது, ஜப்பான் ஒன்றையும் இழக்கவில்லை. பிறகு ஜென்யுவானைப் பிடித்துப்போய் அதன் நங்கூரத்தை டோக்கியோ உவேனோ பூங்காவில் காட்சிக்கு வைத்தார்கள். 1947இல்தான் திரும்பியது. போரை முடித்த 1895 ஷிமோனோசெகி ஒப்பந்தத்தில் 20 கோடி தேல் (சீன எடை) வெள்ளி தண்டமும் தைவானும் போனதைவிட, அந்த நங்கூரம் சீனர்களுக்கு அதிகமாக உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

யோகேஸ்வரன், ஈப்போ: சென்காகுவும் அதே ஒப்பந்தத்தில் திருடியதுதான்!

ராமு, செந்தூல்: இல்லவே இல்லை. தீவைச் சேர்க்க ஜப்பான் அமைச்சரவை முடிவெடுத்தது ஜனவரி 14, 1895. ஒப்பந்தம் ஏப்ரல் 17. தேதி பாருங்க பிரதர்.

யோகேஸ்வரன்: போர் நடக்கும்போது எடுத்தா அது திருட்டு இல்லாம என்ன?

கேட்க வந்த மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், இருந்தாலும் இதை விட மனமில்லை. ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவு, தைவானுக்கு மேற்கே உள்ள பெங்ஹு தீவுகளுக்குக் கட்டம் போட்டுக் கொடுக்கிறது: கிழக்கு 119–120, வடக்கு 23–24 பாகை. சென்காகு இருப்பது வடக்கு 25.7, கிழக்கு 123.5. அந்தக் கட்டத்தில் இல்லை. ஆனால் தைவானுக்கு "அதைச் சேர்ந்த எல்லாத் தீவுகளும்" என்று மட்டும் எழுதி, வரைபடம் வைக்காமல் விட்டார்கள். சண்டை முழுக்க அந்த ஒரு வரிக்குள்தான்.

ராமு, உங்களுக்குக் கசப்பானது: 1885இலேயே அந்தத் தீவுகளில் எல்லைக்கல் நட ஓக்கினாவா கேட்டபோது, சீனாவுக்குச் சந்தேகம் வரும், பொறுங்கள் என்று வெளியுறவு அமைச்சர் இனோவே எழுதினார். 1895 முடிவையும் அப்போது வெளியில் அறிவிக்கவில்லை. யோகேஸ், உங்களுக்கு: சீனக் கம்யூனிஸ்ட் கட்சி ஏடான மக்கள் தினசரி, 1953 ஜனவரி 8 அன்று சென்காகுவை ரியூக்யூ தீவுகளோடு (ஓக்கினாவா அடங்கிய தீவு வரிசை) சேர்த்தே எழுதியது. கடலடியில் எண்ணெய் இருக்கலாம் என்ற ஆய்வு 1968இல் நடந்தது. சீனாவின் உரிமைக் குரல் அதற்குப் பிறகே உரத்தது. இரண்டு பேரும் தத்தம் தரப்பின் தாளை மட்டும் காட்டுவதை நிறுத்தினால் மேலே பேசலாம்.

யோகேஸ்வரன்: அந்தப் பத்திரிகைக் கட்டுரை அரசாங்கக் கொள்கை ஆகாதுண்ணே.

ஆகாது. அமைச்சரின் உள்கடிதமும் அப்படித்தான். இரண்டையும் ஒரே தராசில் போடுங்கள்.

பெயர் வேண்டாம், கிள்ளான்: நேற்று சீனக் கடலோரக் காவல் கப்பல் ஜப்பான் கடலுக்குள் ஊடுருவியதா?

12 மைலா, 24 மைலா? 24 என்றால் தொடர்வலயம். அங்கே எந்தக் கப்பலும் போகலாம். மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

லெட்சுமி, ஆயர் ஈத்தாம்: எங்கள் பக்கம் இருக்கும் சீனர்களின் போர் நினைவுத்தூண் எதற்கு? மலாயாப் போருக்கா?

மலாயாப் போரில் இறந்தவர்களுக்கு மட்டுமல்ல. 1939இல் சிங்கப்பூர்ச் சீனத் தலைவர் டான் கா கீ விடுத்த அழைப்பை ஏற்று நன்யாங் (தென்கிழக்கு ஆசிய) சீனர்களில் 3,200 பேர் போல, ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும், சீனாவுக்குப் போனார்கள். பெரிய துறைமுகங்களில் பெரும்பாலானவை ஜப்பான் கையில். ஆயுதம் போன முக்கிய வழி, பர்மாவின் லாஷியோவிலிருந்து சீனாவின் குன்மிங்குக்கு 1,154 கி.மீ. பர்மா சாலை. மலைச்சரிவு, மழையில் சேறு, மேலே குண்டுவீச்சு, மலேரியா வேறு. 1942 மே 5 அன்று ஜப்பானியர் நெருங்கியதும் சால்வீன் ஆற்றின் ஹுய்தோங் பாலத்தைச் சீனர்களே தகர்த்தார்கள், சாலை அறுந்தது. இறந்தவர்களில் பினாங்கிலிருந்து போனவர்களும் உண்டு. தூண் 1951இல் திறக்கப்பட்டது. நவம்பர் 11 காலையில் போனால் மாலை வைக்க வருகிறவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.