அசமன்பாடு டவுட்டா? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

அசமன்பாடுன்னா = குறிக்குப் பதிலா < (விட சின்னது), > (விட பெருசு) மாதிரி குறி வர்ற கணக்கு, குறிக்கு அடியில கோடு இருந்தா (≤, ≥) "அல்லது சமம்"னும் சேத்துக்கணும். போன வாரம் கேட்டவங்க எல்லாருக்கும் மொத்தமா பதில் போடுறேன், லேட்டானதுக்கு சாரி, டியூஷன் பசங்களுக்கு டெஸ்ட் நடந்துட்டு இருந்துச்சு. ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், எக்ஸ் போடுறதுக்கு ஒவ்வொரு தடவையும் கீபோர்டை மாத்த சோம்பேறித்தனமா இருக்கு, அதனால "க"ன்னு போடுறேன், நீங்க எக்ஸ்னு படிச்சுக்கோங்க.

அக்கா, என் பொண்ணு ஏழாவது. சமன்பாடு நல்லா போடுறா, அசமன்பாடுன்னா முழிக்கிறா. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

போடுற முறையில பெருசா ஒண்ணும் இல்லங்க. க + 7 = 12ன்னா ரெண்டு பக்கமும் 7ஐ கழிச்சா க = 5, முடிஞ்சது. க + 7 < 12ன்னாலும் அதே 7ஐ தான் கழிக்கிறோம், க < 5ன்னு வரும். ஆனா இங்க விடை ஒரு நம்பர் இல்ல, 4 சரி, 0 சரி, -100 சரி, 4.99 கூட சரி. இத்தனையையும் எழுதி முடிக்க முடியாதுல்ல, அதுக்குத்தான் எண்கோட்டுல (நம்பர்களை வரிசையா குறிச்ச கோடு) படம் போட சொல்றாங்க. அவ முழிக்கிறது கணக்குல இருக்காது, "விடை எங்க?"ன்னு தேடுறதுல இருக்கும், கேட்டுப் பாருங்க.

எண்கோட்டுல போடுற வட்டத்தை எப்போ நிரப்பணும், எப்போ காலியா விடணும்?

அந்த நம்பரையே போட்டுப் பாரு தம்பி. க < 5ல 5ஐ போட்டா 5 < 5, பொய், அதனால 5 மேல காலி வட்டம். க ≤ 5ன்னா 5 ≤ 5 உண்மை, நிரப்பிடு. அப்புறம் அம்புக்குறி முனையை மறக்காத, கோடு -3 வரைக்கும் இழுத்து நிறுத்திட்டா விடை அங்கேயே முடியுதுன்னு அர்த்தமாயிடும்.

"குறைந்தது 35 மார்க் வேணும்"னு கணக்குல வந்தா நான் < போட்டேன், மிஸ் தப்புன்னுட்டாங்க.

இதுல மாட்டாத பசங்களே கிடையாது. "குறை"ன்னு காதுல விழுந்ததும் கை தானா < போட்டுடுது! பாஸாக குறைந்தது 35ன்னா 35 எடுத்தவனும் பாஸ், 90 எடுத்தவனும் பாஸ், அப்போ ம ≥ 35. அதே மாதிரி "மிகாமல்"னு வந்தா "மிகு"ன்னு நினைச்சு > போடுவாங்க, அது ≤. "குறையாமல்"னா ≥. வார்த்தையை பாக்காதீங்க, ஒரு நம்பரை எடுத்து "இது ஓகேவா"ன்னு கேளுங்க.

மைனஸால வகுத்தா குறி திரும்பும்னு எல்லாரும் சொல்றாங்க, ஏன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க சார்.

சார் இல்லப்பா, அக்கா தான், பரவால்ல. இந்த கேள்விக்காகவே உக்காந்து டைப் பண்றேன். 2 < 5, சந்தேகம் இல்ல. ரெண்டையும் -1ஆல பெருக்கினா -2, -5. கையில 5 ரூபா இருக்கிறவன் 2 ரூபாக்காரனை விட மேல, ஆனா 5 ரூபா கடன் வெச்சிருக்கிறவன் 2 ரூபா கடன்காரனை விட கீழ தானே? அதனால -2 > -5. எண்கோட்டுல 0 கிட்ட ஒரு கண்ணாடி வெச்ச மாதிரி, வலது பக்கம் தூரமா இருந்தவன் இடது பக்கம் தூரமா போய் நிக்கிறான்.

இன்னும் நம்பிக்கை வரலையா, பெருக்காமலே போட்டுக் காட்டுறேன். -க > 4. ரெண்டு பக்கமும் "க"வை கூட்டு, 0 > 4 + க. இப்போ 4ஐ கழி, -4 > க. அதாவது க < -4. பாத்தியா, குறியை யாரும் தொடவே இல்ல, ரெண்டு பேரும் பக்கம் மாறிட்டாங்க, அவ்வளவு தான். இதை சொல்லிக் கொடுக்காம "மைனஸ்னா திருப்பு"ன்னு மனப்பாடம் பண்ண வைக்கிறதுல எனக்கு உடன்பாடே இல்ல, ஏன்னா அடுத்த கேள்வியை பாருங்க.

3க < -12. மைனஸ் இருக்கேன்னு திருப்பி க > -4ன்னு எழுதினேன், தப்பாம்.

மைனஸ் எங்கேயோ இருக்கிறது முக்கியம் இல்ல, நீ எதால வகுக்குற? பிளஸ் 3ஆல. அப்போ திருப்பக் கூடாது, க < -4. அதே மாதிரி க - 5 > -2லயும் மைனஸ் ரெண்டு இருக்கு, ஆனா நாம செய்யறது 5ஐ கூட்டுறது, க > 3, திருப்பல் கிடையாது. க/(-3) ≥ 2ன்னு வந்தா தான் -3ஆல பெருக்குறோம், க ≤ -6.

குறி எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கமே அம்பு போடுன்னு ஃப்ரெண்ட் சொன்னான், ஓகேவா?

க இடது பக்கம் இருந்தா மட்டும் ஓகே. 5 > க அப்படின்னு இருந்தா உன் ஃப்ரெண்ட் வலது பக்கம் போயிடுவான். திருப்பிப் படி, "க, 5ஐ விட சின்னது".

லிஃப்ட்ல 8 பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னா கோடு போடலாமா?

மூணே கால் ஆள் ஏறுவாரா? கோடு வேணாம், 0ல இருந்து 8 வரைக்கும் புள்ளி புள்ளியா வெச்சா போதும். எடை, நேரம், தூரம்னா கோடு.

ரெண்டு பக்கமும் 0ஆல பெருக்கினா?

2 < 5, 0 < 0 ஆயிடும், பொய். செய்யாதீங்க.

இந்த குறியை எல்லாம் யாருங்க கண்டுபிடிச்சது?

<, > ரெண்டும் தாமஸ் ஹாரியட்ங்கிற இங்கிலாந்துக்காரரோட புத்தகத்துல அச்சுல வந்துச்சு, 1631ல, பாவம் அவர் 1621லயே போயிட்டார். அடியில கோடு சேர்த்தது பியர் பூகே, பிரெஞ்சுக்காரர், 1734ல, அவர் ரெண்டு கோடு போட்டாரு, நாம இப்போ ஒண்ணோட நிறுத்திக்கிறோம்.

கடைசியா அக்கா, -2க ≥ 10. எனக்கு க ≥ -5ன்னு வந்துச்சு, சரியா?

என்னை கேக்காத, உன் விடையில இருந்து ஒரு ஈஸியான நம்பரை எடு. 0 எடுத்துக்கோ, அது -5ஐ விட பெருசு தானே. போடு, 0 ≥ 10? இல்ல. இப்போ -6ஐ போடு, 12 வருது, 12 ≥ 10 உண்மை. வட்டத்துக்கு -5ஐயும் போட்டுட்டு, படத்தை போட்டோ எடுத்து அனுப்பு.