ரவூப் பக்கம் தோட்டப்புற ஓடைகளில் தங்கம் தேட எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்?

மலேசியாவின் பகாங் மாநிலத்து ரவூப்பில் 1889 முதல் சுரங்கம் நடந்திருந்தாலும், ஓடை மணலில் கிடைப்பது பெரும்பாலும் தூள் தங்கம். அதை எந்த டிடெக்டரும் காட்டாது. டூலாங் எனும் அகன்ற அலசு தட்டில் அலசினால்தான் தெரியும். டிடெக்டர் குன்றிமணி போன்ற கட்டிகளுக்கு மட்டுமே. பலர் இதை அறியாமல் பணத்தை இறைப்பது வருத்தமாக இருக்கிறது.

வாங்குவதென்றால் 40 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வி.எல்.எஃப். (தாழ்ந்த அதிர்வெண் அலையைத் தொடர்ந்து அனுப்பும்) வகை, சிறிய காயிலோடு (தரைமேல் வீசும் வட்டத் தலை). நாணயம் தேடும் மலிவு மாடல் வேண்டாம். இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணில் வி.எல்.எஃப். ஓயாமல் கத்தும்; அங்கே பல்ஸ் இண்டக்‌ஷன் (விட்டுவிட்டுத் துடிப்பு அனுப்பும்) வகை நிதானமாக வேலை செய்யும், ஆனால் விலை பல மடங்கு.

முதலில் உலோகமில்லாத இடத்தில் காயிலை மேலும் கீழும் ஆட்டி, சத்தம் அடங்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சத்தத்தை ஒதுக்கும் சரிசெய்தல்) செய்யுங்கள். மண் நிறம் மாறினால் மறுபடியும். சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்தால் பொய்ச் சத்தம்தான் மிஞ்சும். சத்தம் நிற்கும் அளவுக்குக் குறைக்கவும். காயில் தரையை ஒட்டி, மெதுவாக, ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூடட்டும்.

பால்மர (ரப்பர்) காட்டில் பால் கோப்பையைத் தாங்கும் கம்பியும் பால் வடியும் தகரப் பீலியும் நிறையச் சிக்கும். தோண்டிய மண்ணை பிளாஸ்டிக் கரண்டியில் இரண்டாகப் பிரித்து, சத்தம் வரும் பாதியை மட்டும் மீண்டும் பிரியுங்கள்.

கனிமம் மாநில அரசுக்குச் சொந்தம். தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் மட்டும் போதாது. நில அலுவலகத்தில் உரிமம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.