அவசரப் பிரிவு இடம் மாறும்போது: தற்கொலைக்கு முயன்றவர்களின் சிகிச்சை குறித்துச் சில கேள்விகள்

எங்கள் பக்கத்து மருத்துவமனையில் இரவு அவசர சிகிச்சையைக் குறைத்துவிட்டார்கள். பூச்சிமருந்து குடித்தவரை நேரே ஜிப்மருக்கே கொண்டுபோய்விடலாமா? (குறிஞ்சிப்பாடி வாசகர்)

வேண்டாம். 108-ஐ அழையுங்கள். ஆக்ஸிஜனும், மூச்சுக்குழாய் போடத் தெரிந்த மருத்துவரும் இருக்கிற மிக அருகிலுள்ள இடம்தான் முதல் நிறுத்தம். வழியில் மூச்சு அடைத்துக்கொள்வதும் வாந்தி நுரையீரலுக்குள் புரையேறுவதும்தான் பெரிய ஆபத்து. ஜிப்மர் இருக்கும் கோரிமேடு வரை காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோனால் அதைச் சமாளிக்க ஆளிருக்காது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றிவிட்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போடட்டும், இல்லாவிட்டால் கையில் பிளாஸ்டிக் பையாவது சுற்றிக்கொள்ளட்டும். மருந்து டப்பாவைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

அனுப்பும் மருத்துவமனைக்கும் ஒரு வார்த்தை: வென்டிலேட்டர் படுக்கை இருக்கிறதா என்று போனில் உறுதி செய்தபின் வண்டியை அனுப்புங்கள். குடித்த நேரம், கொடுத்த அட்ரோபின் (பூச்சிமருந்துக்கான முறிவு மருந்து) அளவு, கடைசியாகப் பார்த்த நாடித்துடிப்பு மூன்றும் சீட்டில் இருக்கட்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் நோயாளி வேறொரு அரசின் நிர்வாகத்துக்குள் போகிறார். பழைய கேஸ் ஷீட் அங்கே கிடைக்காது. அந்தச் சீட்டு ஒன்றுதான் அவருடைய வரலாறு.

பிரிவுகளை ஒன்றாக்கிய பிறகு கூட்டம் தாங்கவில்லை. தற்கொலைக்கு முயன்று வருகிறவர்களில் நடந்து வருபவரைப் பச்சையில் (அவசரமில்லாதவர் பிரிவில்) போடலாமா? (செவிலியர், கடலூர்)

போடாதீர்கள், குறைந்தது மஞ்சள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற பிரிப்பு அந்த நிமிடத்து உடல்நிலையை அளக்கிறது. இவர்களுக்கு அது போதாது. சில மாத்திரைகளில் முதல் நாள் முழுக்க ஒன்றுமே தெரியாது, ஈரல் பாதிப்பு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளிப்படும். ஆனால் அதற்கான முறிவு மருந்து நன்றாக வேலை செய்வது முதல் எட்டு மணி நேரத்துக்குள். பூச்சிமருந்தில் இன்னொரு சிக்கல்: தெளிந்து பேசிக்கொண்டிருந்தவருக்கும் ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரலாம். ஐ.சி.யூ. படுக்கைக்கு நெருக்கடி என்று சீக்கிரம் வார்டுக்கு மாற்றினால் இது கண்ணில் படாமல் போகும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்; முடியவில்லை என்றால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நீண்ட காத்திருப்பில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள் என்பது இன்னொரு ஆபத்து. வந்தவுடனே நோயாளியின் போன் எண்ணையும் உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பார்வை படுகிற இடத்தில் உட்கார வையுங்கள். "இப்பவும் அந்த எண்ணம் இருக்கா?" என்று தாழ்ந்த குரலில் நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது.

மனநலப் பிரிவு வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. உடல் தேறியதும் ஓ.பி.க்கு எழுதி அனுப்புகிறோம்; பலர் போவதில்லை.

போகமாட்டார்கள். வெட்கமும் களைப்பும் இருக்கிறவரிடம் வேறொரு கட்டடத்தில் வரிசையில் நில் என்றால் வீட்டுக்குத்தான் போவார். நோயாளியை அனுப்புவதற்குப் பதில் மனநல மருத்துவர் அவசரப் பிரிவுக்கு வரவேண்டும். உடல் சிகிச்சை முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, பேசும் நிலையில் இருந்தால் போதும். சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. மதிப்பெண் போட்டு யார் மறுபடி முயல்வார் என்று கணிக்க வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. அங்குள்ள பெரிய மருத்துவமனைகளில் அழைத்த ஒரு மணி நேரத்துக்குள் மனநலக் குழு வரவேண்டும் என்பது இலக்கு. இங்கே இரவில் அது முடியாவிட்டாலும் பயிற்சி பெற்ற பணி மருத்துவர், போனில் மனநல மருத்துவர், கதவு சாத்திப் பேச ஓர் அறை ஆகிய மூன்றையாவது ஏற்பாடு செய்யுங்கள். இணைப்புத் திட்டத்தின் வரைபடத்தில் முதலில் காணாமல் போவது அந்த அறைதான்.

ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டுப் பதிவு) போட்டால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று விபத்து என்று சொல்லச் சொல்கிறார்கள்.

உண்மையைச் சொல்லுங்கள். பதிவும் காவல் நிலையத்துக்குத் தகவலும் நடைமுறை, அவ்வளவுதான். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. மாறாக நிரூபித்தால் தவிர தண்டனை இல்லை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைப் பணியவைப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் அதில் தனிக் குற்றம். மறைத்தால் தவறான சிகிச்சை, மனநல உதவியும் கிடைக்காது. பதிவு முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது; உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து இடங்களில் சோதித்த எளிய முறை உண்டு. வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் பேச்சு. பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போன் அல்லது நேர் சந்திப்பு. முதல் ஐந்தும் 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களில். தொடர்பில் இருந்தவர்களிடையே தற்கொலை மரணம் குறைவாக இருந்தது. மருத்துவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, பயிற்சி பெற்ற செவிலியர் போதும். யார், எந்தத் தேதியில் அழைப்பார் என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதுங்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் நோயாளி திரும்பும் முன்பே உறவினர் ஒருவர் அகற்றட்டும். இடையில் மனம் தாங்கவில்லை என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416. நாள் முழுவதும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.