சர்பத் 20 ரூபாயா, 25 ரூபாயா?

கேள்வி: மதுரையில் தள்ளுவண்டியில் நன்னாரி சர்பத் விற்கிறேன். பாகு வீட்டிலேயே காய்ச்சுகிறேன். டம்ளர் 20 ரூபாய், நாளுக்கு 100 டம்ளர் போகிறது. பாதிக்குப் பாதி லாபம் என்று நினைத்தேன். மாலையில் 400 ரூபாய் தேறுவதே பெரும்பாடு. விலையை 25 ஆக்கலாமா?

பதில்: தாராளமாக ஆக்கலாம். நீங்கள் அனுப்பிய விலைகளின்படி, ஒரு டம்ளருக்கு அரை எலுமிச்சம்பழம் 2.50, பாகு 2.80, ஐஸும் தண்ணீரும் 2, சப்ஜா விதை 1, பேப்பர் கப் 1.20, மொத்தம் 9.50. மிஞ்சுவது 10.50. நூறு டம்ளருக்கு 1,050 ரூபாய். இதில் உதவியாளர் கூலி 400, இட வாடகை 150, ஆட்டோ 100 போனால் மிச்சம் 400. அதை லாபம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது உங்கள் கூலி. உதவியாளருக்கும் அதே 400தான். ராத்திரி பாகு காய்ச்சும் வேலை மட்டும் உங்களுக்கு இனாம்!

வானம் மூடி விற்பனை படுத்தாலும் கூலி, வாடகை, ஆட்டோ என்ற அந்த 650 ரூபாய்ச் செலவு குறையாது. 62 டம்ளர் விற்றால்தான் கைக்காசு போகாது. எலுமிச்சை ஏறினால் இன்னும் மோசம். 2022 ஏப்ரலில் நடந்ததுபோல ஒரு பழம் 10 ரூபாய்க்குப் போனால், 82 டம்ளர் விற்க வேண்டும்.

விலையைத் தொடுவதற்கு முன் கையைக் கவனியுங்கள். ஒரு கிலோ சர்க்கரையும் அரை லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் சுமார் 1,100 மில்லி பாகு கிடைக்கும். 30 மில்லி வீதம் 36 டம்ளர். பாட்டிலைச் சாய்த்துக் கண்ணளவில் ஊற்றினால் எளிதில் 40 மில்லி விழும்; அப்போது 27 டம்ளரோடு தீர்ந்துவிடும். நாளுக்கு 90 ரூபாய்க்கு மேல் அப்படியே ஒழுகிப் போகிறது. 30 மில்லி அளவுக் குவளை ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஐஸில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நீல நிறம் கலந்த ஐஸ் பொருள்களைக் குளிர்விப்பதற்கு உரியது, குடிக்கும் பானத்தில் போடக்கூடாது.

இனி விலை. 25 ரூபாயில் டம்ளருக்கு 15.50 மிஞ்சும். இன்றைய வரவு கிடைக்க 68 டம்ளர் போதும். நூறில் 32 பேர் போய்விட்டாலும் நட்டமில்லை. அவ்வளவு பேர் போகமாட்டார்கள் என்பது என் கணிப்பு. மார்ச்சில் வெயில் ஏறும்போதே ஏற்றுங்கள். மழைக்காலத்தில் ஏற்றினால் ஆள் குறைந்தது விலையாலா மழையாலா என்று தெரியாமல் குழம்புவீர்கள்.