மரக்கட்டையில் ஒரு வளைவுப் பாலம்

கேள்வி: என் ஏழு வயது மகள் மரக்கட்டைகளை அடுக்கி, வண்ணார்பேட்டை சுலோசன முதலியார் பாலத்தைக் கட்ட முயல்கிறாள். தூண்கள் நிற்கின்றன, வளைவு மட்டும் சரிந்துவிடுகிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மிக நல்ல ஆசை, தயவுசெய்து தடுத்துவிடாதீர்கள். 1843இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தைப் போன்ற உண்மையான வளைவுக்கு, ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்க வேண்டும். உச்சிக்கல் இறங்கும்வரை அடியில் சாரமும் வேண்டும். செவ்வகக் கட்டைகளுக்கு அது வராது.

மாற்று வழி உண்டு. இரு தூண்களிலிருந்தும் ஒவ்வொரு வரிசையையும் கட்டையின் நீளத்தில் கால் பங்கு மட்டும் உள்நோக்கி நீட்டி, அதன் பின்முனையில் வேறொரு கட்டையைப் பாரமாக வைத்துக்கொண்டே போனால், இடைவெளி படிப்படியாகக் குறுகி, கடைசியில் ஒரே பலகையால் மூடிவிடலாம். பின்பாரத்தை எடுத்ததும் முன்முனை தாழ்வதை அவள் விரலால் தொட்டு உணரட்டும். விளக்கிச் சொல்வதைவிட அதுவே நன்றாகப் பதியும்.

கட்டைகளின் அளவும் முக்கியம். அமெரிக்கக் கல்வியாளர் கேரலைன் பிராட் வடிவமைத்த கட்டைகளில் தடிமன், அகலம், நீளம் ஆகியவை 1:2:4 என்ற விகிதத்தில் இருப்பதால், எப்படித் திருப்பி வைத்தாலும் மட்டம் பொருந்தும். இதே விகிதத்தைச் சொல்லி உங்கள் ஊர்த் தச்சரிடம் அறுத்து, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள். உருளைத் தூண்களுக்கு, அம்பாசமுத்திரத்தில் மரச்செப்புச் சாமான் கடைபவர்களை அணுகலாம். பசை மட்டும் வேண்டாம். ஒட்டிவிட்டால் பாரம் எங்கே இறங்குகிறது என்பதே குழந்தைக்குத் தெரியாமல் போய்விடும்.