இஞ்சி பீரில் மண்டி: கோளாறு ஈஸ்டிலா, பாட்டிலிலா?

கேள்வி: இஞ்சியை மிக்சியில் அரைத்துப் பிழிந்து, சர்க்கரை, எலுமிச்சை, உலர் ஈஸ்ட் சேர்த்து வீட்டில் இஞ்சி பீர் செய்கிறேன். பாரிமுனையில் வாங்கிய கிளிப் மூடிக் கண்ணாடி பாட்டில்களில் அடைக்கிறேன். மறுநாளே அடியில் வெள்ளையாக மண்டி படிகிறது, நடுவில் துகள்கள் மிதக்கின்றன. இரண்டு பாட்டில்களில் மினுங்கும் செதில்களும் தெரிகின்றன. ஈஸ்ட் போலியா? லாரித் தண்ணீர்தான் காரணமா? யாரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பது?
— ஆதம்பாக்கம் வாசகர்

பதில்: மினுங்கும் செதிலைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; அது பாட்டிலின் கண்ணாடிச் சில்லாக இருக்கலாம். கிளிப் அழுத்தும் இடத்தில் பாட்டிலின் வாயை விரலால் தொடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் அந்த இரண்டு பாட்டில்களில் உள்ளதைக் கொட்டிவிடுங்கள். வடிகட்டிக் குடிக்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

மற்றவை பெரும்பாலும் குற்றமற்றவை. இஞ்சியில் மாவுச்சத்து அதிகம். நம் பாட்டிமார் இஞ்சிச் சாற்றைத் தெளியவைத்து, அடியில் நிற்கும் வெள்ளையை ஒதுக்குவார்களே, அதுதான் இது. ஐயமிருந்தால் மண்டியில் கொஞ்சம் தனியே எடுத்து, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து ஒரு துளி விடுங்கள், கருநீலமானால் மாவு. சோதித்ததைக் கொட்டிவிடுங்கள். நிறம் மாறாத வெளிர்பழுப்பு மண்டி, வேலை முடித்துப் படிந்த ஈஸ்ட். பாட்டிலிலேயே நுரைக்க வைக்கும் எந்தப் பானத்திலும், பீர் உட்பட, அது படியத்தான் செய்யும். ஆகவே ஈஸ்ட் விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மிதப்பவை நார், மிக்சியின் கைவரிசை. லாரித் தண்ணீர் மீதும் எனக்குச் சந்தேகமில்லை. காய்ச்சினால் பாத்திரத்தில் படியும் சுண்ணாம்பு, எலுமிச்சையின் புளிப்பில் கரைந்துவிடும்.

சாற்றை அரை மணி நேரம் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடித்துச் சேருங்கள். நுரை வந்ததும் ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் ஈஸ்ட் இறுகிப் படியும். ஊற்றும்போது ஒரே சாய்வில் ஊற்றி, கடைசி விரற்கடையை விட்டுவிடுங்கள். மேலே பச்சையாகவோ கருப்பாகவோ பஞ்சுபோல் படர்ந்தால் அது பூஞ்சை, முழுவதையும் கொட்டுங்கள்.

சென்னை மே மாத வெயிலில் ஈஸ்ட் தலைகால் தெரியாமல் ஓடும், பாட்டில் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் நிரப்பி வையுங்கள். அது கல்லாக இறுகியதும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். நாள் கணக்கில் வெளியே விட்டால் ஆல்கஹாலும் ஏறும். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானம். அனுமதியின்றி மது தயாரிப்பதைத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 தடுக்கிறது.

பணம் கேட்க வேண்டியது பாட்டில் கடையில்தான். நுரைக்கும் பானத்துக்கு ஏற்றது என்று அட்டையிலோ பில்லிலோ இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. எண்ணெய் ஊற்றவும் அலங்காரத்துக்கும் விற்கும் சதுர பாட்டில் என்றால் வழக்கு நொண்டும். அவை வாயு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. பில்லையும், சில்லு பெயர்ந்த வாயின் படத்தையும் வைத்துக்கொண்டு முதலில் கடையில் மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் மனு செய்யலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை.